தடுமாறும் கால், தயங்கும் நாக்கு: மாற்று சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கவும் சோதிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில்தான் வாய் திறந்தார் என்ற கதையைப் பேச்சு தாமதமாகும் பிள்ளையின் தாயிடம் சொல்லாத உறவினர் இல்லை. சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்காவில், ஓசை கொடுத்த நாயகியின் சந்நிதிக்குப் பேச்சு வராத குழந்தைகளை அழைத்துச் செல்வதும் இன்றுவரை நடக்கிறது. வேண்டுதலால் ஒரு கெடுதலும் இல்லை. "அப்படியானால் ஐந்து வயதுவரை பொறுக்கலாம்" என்று அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்கிறோமே, அதுதான் கெடுதல்.

இந்த வழிகாட்டி யாருக்கு? சொன்னதெல்லாம் புரிகிறது, ஆனால் திருப்பிச் சொல்லும்போது சொல் சிதைகிறது; வாசற்படியில் இடறுகிறான், சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை, பந்து கையில் பட்ட பிறகுதான் கை மூடுகிறது. இப்படிப்பட்ட மூன்று முதல் எட்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு. மருத்துவர்கள் இதில் இரண்டு குறைபாடுகளைப் பிரித்துச் சொல்வார்கள். உடல் அசைவில் வருவது வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு, சுருக்கமாக டி.சி.டி.; பழைய பெயர் டிஸ்ப்ராக்சியா. பள்ளி வயதில் நூற்றுக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு இது உண்டு. பேச்சில் வருவது பேச்சு அப்ராக்சியா. இது அதைவிட அரிது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வருவது உண்டு. இரண்டிலும் தசையில் பலம் இருக்கிறது. எந்தத் தசை, எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் அசைய வேண்டும் என்று மூளை போடும் திட்டத்தில்தான் குழப்பம்.

இதைப் புரிந்துகொண்டால் மாற்று சிகிச்சைகளை எடைபோடும் அளவுகோலும் கிடைத்துவிடும். எதைப் பழகுகிறோமோ அதுதான் வரும். பொத்தான் போடப் பழகினால் பொத்தான் போட வரும். சொல்லைச் சொல்லிப் பழகினால் சொல் வரும். ஒரு சிகிச்சை அந்தப் பழக்கத்தைக் கூட்டுகிறதா, பழகும் ஆசையையாவது தூண்டுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அது பணச்செலவுதான்.

முதல் படி: காது, தசை, வலிப்பு

"கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானே" என்பது காதுப் பரிசோதனை ஆகாது. நடுச்செவியில் நீர் கோத்த குழந்தையும், உயர் சுருதி ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தையும்கூடப் பெயர் சொன்னால் திரும்பும். ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகளைத்தான் தவறவிடும். ஒத்துழைக்காத சிறு குழந்தைக்கு, அதன் பதிலை எதிர்பார்க்காமலேயே கேட்கும் திறனை அளக்கும் பெரா, ஓ.ஏ.இ. சோதனைகளும், ஒலி கேட்டதும் சொன்னபடி கையைத் தூக்கும் வயதுப் பிள்ளைக்கு ஆடியோகிராமும் எடுக்கலாம். வேறு எந்த சிகிச்சைக்கும் முன்னால் இந்த அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு கவனிப்பு. பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். குப்புறத் திரும்பி, கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில் கைவைத்து, தொடையில் கைவைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல நிமிர்கிறானா? கெண்டைக்கால் வழக்கத்துக்கு மீறிப் பருத்திருக்கிறதா? அப்படியானால், குறிப்பாக ஆண் குழந்தையென்றால், இது வெறும் தடுமாற்றம் இல்லை. டுஷேன் என்ற தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும். "கால் வலுவில்லை, எண்ணெய் தேய்த்தால் சரியாகும்" என்று மாதங்களை விடக்கூடாத இடம் இது.

பேசிய சொற்களை இழப்பது, சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடுவது (இது வலிப்பாக இருக்கலாம்), ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். பதினெட்டு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரு சொற்கள் சேர்ந்து வரவில்லை என்றால் அதுவும் காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை.

எங்கே போவது? 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் ஆரம்ப இடையீட்டு மையம் (ஆங்கிலச் சுருக்கம் டி.இ.ஐ.சி.) உண்டு. மருத்துவமனையில் "டி.இ.ஐ.சி. எங்கே" என்று கேட்டால்தான் வழிகாட்டுவார்கள். பிறப்பு முதல் 18 வயதுவரை இலவசம். குழந்தை மருத்துவர், காது பரிசோதகர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோரை ஒரே கூரையின்கீழ் பார்க்கலாம்.

இரண்டாம் படி: குறையைத் துல்லியமாக எழுதுங்கள்

"சரியாகப் பேசவில்லை" என்று எழுதினால் எந்த சிகிச்சையாளருக்கும் பயனில்லை. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதை மட்டும் கவனியுங்கள். "வாழைப்பழம்" சொல்லச் சொன்னால் முதல் முறை "வாபயம்", அடுத்த முறை "பாழப்பம்", மூன்றாம் முறை "ஆ... பம்". உதடு குவிந்து, விரிந்து, இடத்தைத் தேடுகிறது. ஒவ்வொரு முறையும் வேறுவிதமாகப் பிழைப்பதும், உயிரொலியும் சேர்ந்து மாறுவதும், சொல் நீளநீளச் சிதைவு கூடுவதும் அப்ராக்சியாவின் அடையாளங்கள். மாறாக, ஒவ்வொரு முறையும் "வாயப்பயம்" என்றே சொன்னால் அது வேறு கதை; ழகரம் எல்லாக் குழந்தைகளுக்கும் தாமதமாகத்தான் வரும், நான்கு வயதில் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

உடல் அசைவுக்கும் இப்படியே. டம்ளரைத் தட்டிவிடுகிறாளா, செருப்பை இடம் வலம் மாற்றுகிறாளா, படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைக்கிறாளா என்று குறித்துவையுங்கள். டி.சி.டி. என்ற முத்திரையைப் பொதுவாக ஐந்து வயதுக்கு முன் குத்த மாட்டார்கள். முத்திரை வராவிட்டாலும் பயிற்சியைத் தொடங்கலாம்.

நாக்குக்கு அடியில் ஒட்டிய சவ்வை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்பது நம் ஊரில் ஆழமாகப் பதிந்த நம்பிக்கை. நாக்கு ஒட்டு சில ஒலிகளின் தெளிவைப் பாதிக்கலாம்; பேச்சே வராமல் தடுக்காது. தாய்ப்பால் குடிப்பதில் சிரமமா, எந்த ஒலி கெடுகிறது என்று பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்லாமல் கத்திரிக்குச் சம்மதிக்காதீர்கள்.

மூன்றாம் படி: அடித்தளம் இல்லாமல் மாற்று இல்லை

மாற்று சிகிச்சை என்ற சொல்லில் "மாற்று" என்பதை "பதிலாக" என்று எடுத்துக்கொள்வதில்தான் விபத்து தொடங்குகிறது. பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் ஓடிக்கொண்டிருக்க, அவற்றோடு சேர்ந்து நடப்பதாக இருக்கட்டும்.

அப்ராக்சியாவுக்கு ஆதாரம் உள்ள முறைகள் இருக்கின்றன. சிட்னியில் 4 முதல் 12 வயதுக்குட்பட்ட 26 குழந்தைகளை வைத்து நடந்து, 2015ல் வெளிவந்த ஆய்வு ஒன்று ரெஸ்ட், நஃபீல்ட் என்ற இரண்டு முறைகளை ஒப்பிட்டது. வாரம் நான்கு நாள், மூன்று வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம். இரண்டிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். நமக்கு இதில் முக்கியம் அந்த அடர்த்தி. வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் மையத்துக்குப் போய்வந்துவிட்டு "தெரபி எடுத்தும் பலனில்லை" என்பது சிகிச்சையின் தோல்வி ஆகாது.

உடல் அசைவுக்குக் கனடாவில் உருவான கோ-ஆப் முறை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கருவி எதுவும் வேண்டாம். இலக்கு, திட்டம், செயல், சரிபார்ப்பு என்று நான்கே சொற்கள். "எதைச் செய்யப் பழகலாம்?" என்று குழந்தையையே கேட்கிறார்கள். சைக்கிள் என்றால் சைக்கிள்தான். எப்படிச் செய்யலாம் என்று அவனே யோசிக்கிறான், செய்கிறான், சரியாக வந்ததா என்று அவனே பார்க்கிறான்.

பேச்சுப் பயிற்சியாளரிடம் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். கேட்டால் கோபப்படுபவரிடம் குழந்தையை விட வேண்டாம். முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், கோட்டூர்புரம் வித்யாசாகர், தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம், மைசூரில் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் ஆகியவை நீண்டகாலமாக இயங்குபவை. அரசின் வட்டார வள மையங்களிலும் குறிப்பிட்ட நாள்களில் இலவசப் பயிற்சி உண்டு. அருகில் இருப்பதே இதன் பெரிய பலம்.

நான்காம் படி: எதைச் சேர்க்கலாம், எதைத் தொடக்கூடாது

யோகாவிலிருந்து தொடங்கலாம். ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் சமநிலையைப் பழக்கும், கவனத்தையும் ஓரளவு நிறுத்தும். ஆனால் அதனால் பொத்தான் போட வராது, பேச்சும் வராது. அதைச் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் சிரசாசனம், குட்டிக்கரணம், கழுத்தைத் திருப்பும் பயிற்சி எதுவும் மருத்துவர் சொல்லாமல் கூடாது. நீச்சல், சிலம்பத்தின் அடிப்படை அடிகள், பரதத்தின் தட்டடவு எல்லாமே நல்லவைதான், மேடையேற்றும் அவசரம் இல்லாத ஆசிரியர் கிடைத்தால்.

எண்ணெய் தேய்த்துவிடுவது குழந்தைக்கு இதம், தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் நுரையீரலில் எண்ணெய் இறங்கி நிமோனியாவில் முடியக்கூடும்.

வர்மம் கேட்டு வருபவர்கள் தென்மாவட்டங்களில் அதிகம். ஆர்வம் இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற அரசு இடத்தில் பாருங்கள், தனியாரென்றால் பி.எஸ்.எம்.எஸ். பட்டமும் மருத்துவக் கவுன்சில் பதிவும் உள்ளவரிடம் போங்கள். கழுத்திலும் தலையிலும் அழுத்தம் கூடாது, குழந்தை வலியில் அழுதால் நிறுத்திவிட வேண்டும், நீங்கள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்து உள்ளுக்குக் கொடுக்கும் பற்பம், செந்தூரம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004ல் வெளியிட்டார்கள். 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தாக்கும். எதற்காக மருந்து கொடுக்கிறோமோ அதையே கெடுக்கும் மருந்து அது.

வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வாங்கிய மருந்தைக் குறை சொன்னால் பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள். சுட்டு உரைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதில் உள்ள பீட்டா அசரோன் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்க்கத் தடை. வயிற்றின் மேல் பற்றுப் போடுவதோடு பாட்டியைச் சமாதானப்படுத்துங்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் தொட்டு வைப்பதும் கூடாது. பாட்யுலிசம் என்ற நச்சுநோய் வரக்கூடும்.

மையங்களில் அதிகம் விற்பனையாவது வாய்ப் பயிற்சிதான். ஊதல், பலூன், ஸ்ட்ரா, வாய்க்குள் அதிரும் பிரஷ். 2015ல் காக்ரேன் அமைப்பு இந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பேச்சு ஒலிக்கு இவை உதவுகின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஊதல் ஊதிப் பழகினால் ஊதல் ஊதத்தான் வரும். சிறுமூளையைத் தூண்டுகிறோம் என்று தள்ளாடும் பலகையில் நிற்கவைத்துப் பெரும் கட்டணம் வாங்கிய இங்கிலாந்தின் டோர் நிறுவனம் 2008ல் கடையைக் கட்டியது. நாலைந்து பேர் சேர்ந்து குழந்தையின் கைகால்களை நாளுக்குப் பலமுறை அசைத்துவிடும் பேட்டர்னிங் முறை பலனற்றது, குடும்பத்தையே பிழிந்துவிடுகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1982லிருந்து எச்சரித்து வருகிறது. பெயரை மாற்றி இவை நம் ஊருக்கும் வந்துகொண்டிருக்கின்றன.

ஊஞ்சல், பந்துக்குளம் வைத்து நடத்தும் சென்சரி இன்டக்ரேஷன் என்ற புலன் ஒருங்கிணைப்புப் பயிற்சி இடைப்பட்ட ரகம். அதே சங்கம் 2012ல், ஆதாரம் குறைவுதான், முயன்று பார்ப்பதானால் இலக்கு வைத்துக் கால எல்லையோடு பாருங்கள் என்றது. நியாயமான தீர்ப்பு.

இனி, வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டியவை. ஸ்டெம் செல் ஊசி: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களுக்கு ரத்த ஸ்டெம் செல்லை மாற்றிப் பொருத்துவது தவிர மற்றதெல்லாம் ஆய்வு நிலையில்தான். ஆய்வு என்றால் உங்களிடம் கட்டணம் கேட்கக்கூடாது. உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்ற கீலேஷன்: 2005ல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் அதனால் இறந்தான். சூடு போடுதல் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. குழந்தையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் தட்டவைத்து "அவனே எழுதுகிறான்" என்னும் முறையில், எழுதுவது பிடித்திருப்பவரின் மனம்தான்.

ஐந்தாம் படி: பன்னிரண்டு வாரச் சோதனை

குழந்தை எப்படியும் வளர்கிறது. மூன்று மாதத்தில் எந்த சிகிச்சையும் இல்லாமலேயே கொஞ்சம் முன்னேறும். அந்த வளர்ச்சியைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் போலி சிகிச்சையின் பிழைப்பு. ஆகவே சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் சேருங்கள். யோகா, வர்மம், உணவில் கோதுமையை நிறுத்துவது மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே அளவெடுக்க ஆரம்பியுங்கள். சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது ஓர் இலக்கு. ஐந்து முறை ஊற்றவைத்து எத்தனை முறை சிந்தாமல் ஊற்றினாள் என்று எழுதுங்கள். வீட்டில் தினமும் தேவைப்படும் பத்துச் சொற்கள் இன்னோர் இலக்கு. அதே சொற்களை, அதே படங்களைக் காட்டி, வாரம் ஒருநாள் செல்போனில் பதிவுசெய்யுங்கள்.

பன்னிரண்டாம் வாரம் பழைய பதிவையும் புதியதையும், எது முந்தியது என்று சொல்லாமல், குழந்தையோடு தினமும் பழகாத ஒருவரிடம் காட்டுங்கள். ஊரிலிருந்து வரும் சித்தி போதும். உங்கள் காது குழந்தையின் மழலைக்குப் பழகிவிட்டது. அது சாட்சி சொல்லாது. வித்தியாசம் தெரியவில்லையென்றால் அந்த சிகிச்சையை நிறுத்துங்கள். "நடுவில் விட்டால் எல்லாம் வீணாகிவிடும்" என்று சிகிச்சையாளர் சொன்னால் நிறுத்த அதுவே கூடுதல் காரணம்.

ஆறாம் படி: வீட்டில் தினமும் கால் மணி நேரம்

சாப்பாட்டுக்கு முன்னும் தூக்கத்துக்கு முன்னும் வேண்டாம். குழந்தை தெம்பாக இருக்கும் நேரத்தில், ஒருவர் மட்டும் உட்காருங்கள்.

முதலில் தாளம். தொடையில் தட்டிக்கொண்டே "தகதிமி", "தகிட", பிறகு இரண்டையும் சேர்த்து. பொருளில்லாத அசைகளை வரிசையாக, அழுத்தம் மாற்றிச் சொல்லவைப்பதுதான் சிட்னி ரெஸ்ட் முறையின் சாரமும். நம் மிருதங்கச் சொற்கட்டு வடிவத்தில் அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. "கொன்னக்கோல் சிகிச்சை" என்று யாராவது பெயர்ப்பலகை மாட்டினால் நம்பாதீர்கள், ஆனால் வீட்டு விளையாட்டாக இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. மெதுவாகத் தொடங்கி, சிதையாமல் வரும் வேகத்திலேயே நில்லுங்கள்.

அடுத்து ஒரே ஒரு சொல். "தண்ணி" என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு வீட்டுப் பேச்சுச் சொல்தான் வேண்டும். முகத்துக்கு முகம், கண்மட்டத்தில் உட்கார்ந்து, இழுத்து இழுத்து இருவரும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். ஒத்து வந்ததும் உங்கள் குரலைத் தணித்து, வாயசைவை மட்டும் காட்டுங்கள். பிறகு நீங்கள் சொல்லி முடித்ததும் அவள் சொல்லட்டும். பிறகு இரண்டு மூன்று நொடி இடைவெளி விட்டு. கடைசியில், "என்ன வேணும்?" என்ற கேள்விக்குப் பதிலாக. எந்தப் படியில் சிதைகிறதோ அதற்கு முந்தைய படிக்குத் திரும்புங்கள். இருபது முப்பது முறை வந்துவிடும், விளையாட்டாக இருந்தால் அலுக்காது. ஒன்று மட்டும் முக்கியம்: சரியாகச் சொன்னால்தான் தண்ணீர் என்று தாகத்தோடு நிற்கவைக்காதீர்கள்.

மூன்றாவது, கை கால். நொண்டி, பாண்டி, தட்டாங்கல், பல்லாங்குழி. பல்லாங்குழியில் குழிக்கு ஒரு சோழி போட்டுக்கொண்டே போவதில் விரல்நுனியும் கண்ணும் எண்ணிக்கையும் சேர்ந்து வேலை செய்கின்றன. பொத்தான் பழக்க, அப்பாவின் பழைய சட்டையை மேசைமேல் விரித்து, கடைசி இழுப்பை மட்டும் குழந்தை செய்யட்டும். பொத்தானைப் பாதிவரை நீங்களே நுழைத்துக் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கி விட்டுக்கொடுத்து, மார்பில் போட்ட சட்டைக்கு வாருங்கள். முடித்துவிட்ட திருப்தி முதல் நாளே கிடைப்பதால் பிள்ளை அடுத்த நாளும் உட்காருவான்.

பேச்சு தெளியும்வரை குழந்தை ஊமையாக இருக்க வேண்டியதில்லை. சைகை, படப் பலகை, சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலி எதையும் பயன்படுத்தலாம். படத்தைக் காட்டிப் பழகினால் வாயைத் திறக்க மாட்டான் என்ற பயம் வேண்டாம். அப்படிப் பேச்சு குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்ற அறிவுரையையும் ஒதுக்குங்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குறை வராது. பாட்டியிடம் பேச முடியாத பிள்ளைக்குப் பழகும் வாய்ப்புதான் பாதியாகக் குறையும்.

ஏழாம் படி: காகிதங்களும் பணமும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. டி.சி.டி. அதில் தனி வகையாக இல்லை, ஆனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற வகையின் விளக்கத்தில் டிஸ்ப்ராக்சியா என்ற பெயர் வருகிறது; பேச்சு மொழிக் குறைபாடு தனி வகையாகவே இருக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதச் சான்று வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றில் ஒன்று உறுதியானால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை, தொடர் தெரபிக்கும் மாற்று மருத்துவத்துக்கும் தனித்தனி உச்சவரம்போடு, பணம் திரும்பக் கிடைக்கும். ரசீது இல்லாமல் கிடைக்காது. ஆகவே எந்த மையத்தில் சேர்ந்தாலும் முதல் நாளே பதிவு எண்ணுடன் ரசீது கேட்டு வாங்கி, காது அறிக்கை, வாரப் பதிவுகள் எல்லாவற்றோடும் ஒரே கோப்பில் தேதிவாரியாக வைத்துவிடுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரிடம் காட்டவும் அதே கோப்புதான் தேவைப்படும்.